பூட்டிய தொட்டிக்குள் புகுந்தது யார்?

அத்தியாயம் 5
இதில் ஒரு முள் விழுகிறது. யார் காலிலும் குத்தவில்லை

"காணாமப் போனது என்ன?" என்று கேட்டுவிட்டுக் கோலப்பபிள்ளை பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பிரஷர்" என்றான் வந்தவன்.

கோலப்பபிள்ளை மூடியை மறுபடியும் போட்டுவிட்டார்.

எங்கள் துப்பறியும் ஆபீஸ் வடசேரியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருக்கிறது. எருமை காணோம் என்று வந்திருக்கிறார்கள். மருமகன் காணோம் என்று வந்திருக்கிறார்கள். ஒரு தடவை எருமையும் மருமகனும் ஒரே நாளில் காணாமல் போய், எருமையை மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்றும் வந்திருக்கிறார்கள். பிரஷர் காணோம் என்று வந்தவன் இவன்தான் முதல்.

"கீழ சைக்கிள் கடைல சொன்னா பம்பு அடிச்சு விடுவான்" என்றேன்.

"அது காத்துக்க பிரஷர். எனக்கது வெள்ளத்துக்க பிரஷர்" என்றான் அவன், சிரிக்காமல். அவன் ஊரில் தண்ணீர்தான் வெள்ளம்.

கோலப்பபிள்ளை திருவிதாங்கூர் போலீசில் பதினெட்டு வருஷம் ஏட்டாக இருந்தவர். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் பிடித்த திருடன் ஒருவனும் தப்பியதில்லை. காரணம், அவர் ஒருவனையும் பிடித்ததில்லை. "பிடிக்கது கான்ஸ்டபிள் வேலை மக்கா, நெனைக்கது ஏட்டு வேலை" என்பார். நான் அவருடைய உதவியாளன் பகவதியப்பன். இன்டர்மீடியட்டை இரண்டு தடவை எழுதியவன். இரண்டு தடவையும் என் மார்க்கு எங்கே போயிற்று என்பது எங்கள் ஆபீஸில் இன்னும் துலங்காத வழக்கு.

வந்தவன் பெயர் ராஜையன். மார்த்தாண்டத்துக்காரன், குழாய் வேலை செய்கிறவன். முப்பது வயசு, காக்கிப் பை, பைக்குள் ஸ்பானர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னான்.

கொட்டாரத்தில் கணபதியப்பபிள்ளை என்று ஒருவர். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் ஸ்டோர் கீப்பர். போன வருஷம் ஊர் திரும்பும்போது எல்லாரும் கொண்டுவருகிற ட்ரங்குப் பெட்டியோடு, யாரும் கொண்டுவராத ஒரு செம்பு பாய்லரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதை அவர் வீட்டில் பொருத்திக் கொடுத்தது ராஜையன்.

"மேல மொட்டைமாடி மட்டுப்பால தண்ணித் தொட்டி. தொட்டியிலேருந்து ஒரு குழாய் பச்சை வெள்ளத்துக்கு. இன்னொரு குழாய் நேரே கீழ பாய்லருக்க அடியில வந்து சேரும். பாய்லருக்கு அடியில அடுப்பு. சூடு வெள்ளம் பாய்லருக்க தலையிலேருந்து குளிமுறிக்குப் போவும். காத்தும் ஆவியும் போக ஒரு குழாய் பாய்லர் தலையிலேருந்து நேரே மேல, தொட்டிக்கும் மேல, வாயைப் பிளந்துட்டு நிக்கும். பாய்லருக்க நெஞ்சுல ஒரு முள்ளு, பிரஷர் காட்டும். அவ்வளவுதான் சாரே வேலை. நாலு மாசம் சூடு வெள்ளம் அருவியாட்டு கொட்டிச்சு. பத்து நாளுக்கு முன்ன நின்னுபோச்சு. இப்ப நூலாட்டு வருதாம்."

"ஒழுக்கு?"

"ஒரு சொட்டு இல்ல."

"நீ போய்ப் பாத்தியா?"

"எங்க பாக்க விட்டாரு? முக்கால் இஞ்சு குழாய்க்குக் கணக்குச் சொல்லிட்டு, சுவருக்குள்ள அரை இஞ்சு வச்சு ஏமாத்திட்டேனாம். ஸ்பானரோட படி ஏறினா போலீஸ விளிப்பேன்னாரு."

இதற்கு இப்படி முகம் வாட என்ன இருக்கிறது என்று நான் கேட்க நினைத்தபோதுதான் அவன் மீதியைச் சொன்னான். மார்த்தாண்டத்துக்கு மேற்கே கன்னிகாஸ்திரீகள் ஒரு ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். அதில் பன்னிரண்டு பாய்லர். ராஜையனுக்குத் தரலாம் என்று தலைவியான செசிலி சிஸ்டருக்கு எண்ணம். ஆனால் கவனமான அம்மாள். "முன்னே வேலை செய்து கொடுத்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்?" என்று கணபதியப்பபிள்ளைக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். நாளைக் காலையில் முடிவு.

"பதில் எழுதி வச்சாச்சுன்னு இண்ணைக்கு ஜங்ஷன்ல நாலு பேர்க்க முன்ன சொன்னாராம். நாலரை பஸ்ஸுல தபால் போவும். அது போச்செங்கில் எனக்கு இந்த ஜில்லாவுல ஒருத்தனும் குழாய் தரமாட்டான் சாரே. ஸ்பானரைக் கடல்ல எறிஞ்சுட்டு, கடியப்பட்டணத்துல எனக்க மச்சானுக்க கூட வள்ளத்துல போவணும்."

"அதுவும் நல்ல தொழில்தானே?"

"எனக்கு நீந்தத் தெரியாது."

கோலப்பபிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. குடையை எடுத்தார்.

கொட்டாரத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ராஜையனை எதிர்த்த சாயாக்கடையில் நிறுத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் படி ஏறினோம். திட்டம் எளிது. கோலப்பபிள்ளை சிங்கப்பூரில் வியாபாரம் செய்து திரும்பியவர். வீட்டில் பாய்லர் வைக்க ஆசைப்படுகிறார். நான் அவர் மருமகன், பி.ஏ. பாஸ். யூனிவர்சிட்டி எனக்குச் செய்யாததைக் கோலப்பபிள்ளை பஸ்ஸில் வரும்போதே செய்துவிட்டார்.

"பாய்லரா? உள்ள வாரும், உள்ள வாரும்" என்றார் கணபதியப்பபிள்ளை. ஐம்பத்தைந்து வயசு. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. இடுப்பு அரைஞாணில் ஒரு சாவி தொங்கி, நடக்கும்போதெல்லாம் தொடையில் தட்டியது. "ஆனா இப்பப் பாத்தா வருத்தப்படுவேரு. ஒரு களவாணிப் பயலுக்கிட்ட வேலையைக் குடுத்துட்டேன்."

மேஜை மேல் ஒட்டாத உறை ஒன்று கிடந்தது. செசிலி சிஸ்டர் என்று மேல்விலாசம். கோலப்பபிள்ளை அதைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர் போல் இருந்தார். அவருடைய திறமைகளில் இரண்டாவதுதான் பெரிது.

பாய்லர் பின்கட்டில் இருந்தது. பெரிய பானை வயிறு, செம்பு நெஞ்சு, அடியில் தேங்காய்க் கதம்பை எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சில் முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்கு ஒரு வட்டம், அதில் முள். முள் பத்தில் நின்றது.

"பத்து பவுண்டு இருக்கே?" என்றேன். "களவு போன மாதிரி தெரியலியே."

"குழாயைத் திறந்து பாரும்."

திறந்தேன். வெந்நீர் புஸ்ஸென்று பாய்ந்து என் வேட்டியை நனைத்தது. நான் துள்ளி விலகிப் பத்து எண்ணுவதற்குள் அது களைத்துப்போய் நூலாகிவிட்டது. முள்ளைப் பார்த்தால் சறுக்கிக்கொண்டு ஒன்றரையில் கிடந்தது. குழாயை மூடினேன். முள் அவசரமில்லாமல், மலைக்கோயில் படி ஏறுகிற கிழவனைப் போல நின்று நின்று, பத்துக்குத் திரும்பியது.

பக்கத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாய் இருந்தது. கோலப்பபிள்ளை அதைத் திறந்தார். அது ஒரு குறையும் இல்லாமல் கொட்டியது.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது. மதில் ஓரமாக ஒரு ஈரக் கோடு பக்கத்து வீட்டுப் பக்கம் போவதைக் கண்டேன். "அண்ணாச்சி!" என்று கத்தினேன். "ஈரம்! மதிலுக்கு அடியில! ரகசியக் குழாய்!"

"மழை பெய்யுதுலே" என்றார் கோலப்பபிள்ளை.

பிறகு அவர் வீட்டுக்காரப் பிள்ளைவாளைப் பார்த்து, "ஓய், இந்த முள்ளு தினமும் எங்க நிக்கும்னு உமக்கு ஞாபகம் உண்டா?" என்று கேட்டார்.

"ஞாபகமா? எழுதியே வச்சிருக்கேன்."

சுவரில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. ஸ்டோர் கீப்பருடைய கை. தேதி, கிழமை, குழாய் மூடி எவ்வளவு, குழாய் திறந்து எவ்வளவு. மூடி 10, திறந்து 7. மூடி 10, திறந்து 7. நாலு மாசமும் ஏழு. ஜூன் பத்தொன்பது ஞாயிறு: ஏழு. இருபது திங்கள்: ஒன்றும் எழுதவில்லை. இருபத்தொன்று செவ்வாய்: ஒன்றரை. அதிலிருந்து ஒன்றரைதான்.

"திங்கக்கிழமை ஏன் எழுதல?"

"அன்னைக்குச் சூரிய கிரகணம்லா. நேரமில்ல." பிள்ளைவாள் நெஞ்சு நிமிர்ந்தது. "ஞாயித்துக்கிழமை வாசகசாலைல நம்ம பிரசங்கம். கிரகணம்ங்கது வெறும் நெழலு, பாம்புமில்ல பல்லியுமில்லன்னு ரெண்டு மணி நேரம் போட்டேன். பொறவு பேசினா மட்டும் போருமா? திங்கக்கிழமை காலம்பற, கிரகணம் பிடிச்சிருக்கிற நேரத்துல, வாசல்ல நாற்காலி போட்டு, ரோட்டைப் பாத்து இருந்து, பன்னெண்டு இட்லி தின்னேன். ஊரு பூரா கதவைச் சாத்திட்டு ஜன்னல் வழியா பாத்துட்டிருந்தான்."

கிரகண நேரத்தில் தண்ணீர்கூடக் குடிக்காத ஊரில் பன்னிரண்டு இட்லி சாதாரண விஷயமல்ல. இட்லிக்கு இரண்டு எதிரி என்று கணக்கு வைத்தாலும் இருபத்திநாலு எதிரி.

"வெளிய இட்லி. உள்ள நான் பட்ட பாட்டைக் கேளுங்க" என்று ஒரு குரல். அவருடைய மனைவி வடிவாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். "கிரகணத் தோஷம் படாம ஊறுகாய் பரணியில ஒரு தர்ப்பைப்புல்லு போட விட்டாவளா? பிடுங்கி எறிஞ்சாவோ. குடத்துக்கு ஒரு புல்லு, பரணிக்கு ஒரு புல்லுன்னு எங்க அம்ம சொல்லித் தந்ததைச் சொன்னேன். சிரிச்சாவோ. இப்ப மூணு பரணி மாங்கா பூத்துப்போச்சு."

"ஏட்டி, அது உப்பு போராம பூத்தது."

"ஆமா, இருபது வருசமா உப்பு சரியா இருந்துது. கிரகணத்தன்னைக்குத்தான் குறைஞ்சுது" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

கோலப்பபிள்ளை காப்பியை ஆற்றிக்கொண்டே ஆட்டுரல் மேல் உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் வலி, உட்கார்ந்துதான் யோசிப்பார்.

"பிள்ளைவாள், சுசீந்திரம் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கேரா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"உள்ள ஆளு நெறஞ்சிருக்கு. முன்வாசலைத் திறந்தாச்சு. மொதல்ல குபுகுபுன்னு ஆளு வெளிய வருது. பொறவு ஒண்ணு ரெண்டாட்டு வருது. என்ன அர்த்தம்? உள்ள இருந்த ஆளைக் களவாண்டுட்டுப் போயிட்டானா?"

"இல்ல. உள்ள வாற வழியில என்னமோ தடங்கல்."

"பின்வாசல்ல ஒரு காளைமாடு குறுக்க படுத்திருக்கு. ஒண்ணொண்ணா அதைத் தாண்டிட்டு ஆளு வருது. முன்வாசலைச் சாத்தினா உள்ள பைய நெறையும். திறந்தா ஒரு பாய்ச்சல், பொறவு நூலு." காப்பியை ஒரு மடக்கு குடித்தார். "களவாணின்னா, குழாய் மூடியிருக்கும்போதும் எடுப்பான்லா? அப்பவும் முள்ளு விழணும்லா? நீரு குழாய் திறக்கிற நேரம் பாத்து, நீரு மூடினதும் நிறுத்துகதுக்கு அவன் என்ன உமக்குச் சம்பந்தியா? ஒழுக்குக்கும் அதே கதைதான். இங்க ஒண்ணும் வெளிய போகல. உள்ள வரத்தான் இல்ல."

பிள்ளைவாள் முகம் மலர்ந்தது. "நான் சொன்னதுதான்! குழாய் சின்னது. அரை இஞ்சு!"

"நாலு மாசம் தடிச்சிருந்த குழாய் ஒரே நாள்ல மெலிஞ்சு போச்சா?" என்றேன். "டைபாய்டு வந்துதா?"

"மட்டுப்பாவுக்குப் போய்த் தொட்டியைத் திறந்து பாத்துருவோம்" என்றார் கோலப்பபிள்ளை.

"வேண்டாம்." பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. பிள்ளைவாளும் அதை உணர்ந்தார் போல, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது இரும்பு மூடி. பூட்டியிருக்கு. சாவி அன்னா எனக்க அரைஞாண்ல. குளிக்கும்போதும் கழத்தமாட்டேன். ஒரு ஈ உள்ள போகமுடியாது. அதைத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல."

மணி மூன்றரை. கோலப்பபிள்ளை எழுந்தார். சிங்கப்பூர் வியாபாரியை ஆட்டுரலிலேயே விட்டுவிட்டு எழுந்தார் என்று சொல்ல வேண்டும்.

"ஓய், நான் வடசேரி கோலப்பபிள்ளை. துப்பறியுகவன். ராஜையனுக்காக வந்தவன்."

"என்னது! எனக்க வீட்டுக்கே வந்து, எனக்க காப்பியைக் குடிச்சுட்டு..."

"காப்பி நல்லாருந்துது. சத்தம் போடாதேரும். அந்த உறை இன்னும் ஒட்டல. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கு. ராஜையன் ஸ்பானரோட எதுத்த கடைல நிக்கான். பாய்லர் அடியில குழாய் வளையுற அந்த முடுக்கைக் கழத்துவான். குழாய் அரை இஞ்சுன்னா அதையும் கடிதாசுல சேத்து எழுதும். நானே சாட்சிக் கையெழுத்துப் போடுகேன்."

பிள்ளைவாள் யோசித்தார். சாட்சிக் கையெழுத்து என்றதும் ஸ்டோர் கீப்பருக்கு ஆசை வந்துவிட்டது. "விளியும் அவனை" என்றார்.

ராஜையன் வந்தான். பிள்ளைவாளைப் பார்க்காமல் பாய்லரைப் பார்த்தான். பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்துப் பார்க்கிறவன் பார்வை. அடுப்பைக் கலைத்தான். மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டு வால்வையும் அடைத்தான். முடுக்கை ஸ்பானரால் பிடித்துத் திருகினான். அது கழன்றதும் குழாய் வாயைப் பிள்ளைவாள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"முக்கால் இஞ்சு சாரே. அளந்து பாருங்க."

பிள்ளைவாள் உள்ளே போய் அடிக்கோல் கொண்டுவந்து அளந்தார். முக்கால் இஞ்சுதான். திருப்பிப் போட்டு அளந்தார். அப்போதும் முக்கால்.

ராஜையன் இடுக்கியை முடுக்குக்குள் விட்டு இழுத்தான். ஒரு கற்றை வந்தது. நனைந்து, கறுத்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எலிவால் போல.

"இது என்னது, முற்றம் பெருக்குற வாரியல் குச்சியா?" என்றான் ராஜையன். அவன் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். அவனுக்கு அது தெரியாது. இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது. எல்லாவற்றையும் சாக்கடை ஓரத்தில் தரையில் போட்டான்.

தர்ப்பை.

பிள்ளைவாள் கால் சட்டென்று இரண்டடி பின்னால் போயிற்று, மிதித்துவிடக்கூடாது என்பதைப் போல. நான் அதைக் கவனிக்கவில்லை. கோலப்பபிள்ளை கவனித்ததைத்தான் கவனித்தேன்.

"குருவி" என்றார் பிள்ளைவாள். "கூடு கட்டக் கொண்டுவந்து போட்டிருக்கும்."

"பூட்டின தொட்டிக்குள்ளயா?" என்றேன். "சாவிக்குக் குருவி எப்ப வந்து கேட்டுது?"

"அப்பன்னா..." பிள்ளைவாள் கண் ராஜையன் மேல் விழுந்தது. அங்கேயே நின்றது. "அப்பன்னா இவன்தான்! வேலை செய்யும்போதே திணிச்சு வச்சிருக்கான்! பொறவு ரிப்பேருக்கு விளிப்பாங்கன்னு!"

"ஐயோ சாரே, எனக்கு அது என்ன புல்லுன்னே தெரியாது!"

"நாலு மாசம் சும்மா இருந்த புல்லு கிரகணத்தன்னைக்கா வந்து அடைச்சுது?" என்றார் கோலப்பபிள்ளை.

"பைய நகந்து வந்திருக்கும். எனக்குத் தெரியாது. அந்தத் தொட்டிக்குள்ள கையை விட்டவன் நானும் இவனும்தான். நான் இல்ல. மிச்சம் யாரு?" பேனா வெளியே வந்துவிட்டது. "சிஸ்டருக்கு இதையும் எழுதுகேன். குழாய் சின்னதில்ல, ஆளுதான் சின்னவன்னு எழுதுகேன்."

ராஜையன் ஸ்பானரைப் பைக்குள் போட்டான். பையின் வாரைக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான். குற்றம் செய்யாதவன் தன் மேல் குற்றத்தை இன்னொருவர் சரியாகப் பொருத்திக் காட்டும்போது எப்படி இருப்பான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே ஒரு கேலியும் வரவில்லை.

மணி நாலு.

"எழுதும்வே, தாராளமாட்டு எழுதும்" என்றார் கோலப்பபிள்ளை. "ஆனா சாமான் எத்தனைன்னு எழுதாம என்ன ரிப்போர்ட்டு அது? லே பகவதி, புல்லை எண்ணு."

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணினேன். ஈரப் புல்லை எண்ணுவது பரீட்சை எழுதுவதைவிடக் கஷ்டம். ஆனால் இதில் விடை கடைசியில் வந்தது. கோலப்பபிள்ளை குனிந்து காதைக் கொடுத்தார். காதில் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து உரக்கச் சொன்னார்: "அறுபத்தெட்டு. எழுதிக்கிடும் பிள்ளைவாள். தர்ப்பை, அறுபத்தெட்டு."

"எழுபத்தஞ்சு" என்றார் பிள்ளைவாள், எழுதிக்கொண்டே. "நல்லா எண்ணச் சொல்லும். இன்னும் ஏழு உள்ள கிடக்கும்."

குழாய் முனையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிள்ளைவாளுடைய பேனா நின்றது. பிறகு பிள்ளைவாளும் நின்றார், அதாவது, மூச்சு.

"உள்ள ஒண்ணும் இல்ல ஓய்" என்றார் கோலப்பபிள்ளை மெதுவாக. "பையன் சரியாத்தான் எண்ணினான். எழுபத்தஞ்சு. நான்தான் குறைச்சுச் சொன்னேன். இருபது வருசம் ஸ்டோர்ல இருந்தவருக்குச் சாமான் குறைஞ்சாத் தாங்குமா?"

"தொட்டி முந்நூறு காலன்" என்றது ஒரு குரல். வாசல்படியில் வடிவாம்பாள். "குடம் நாலு காலன். குடத்துக்கு ஒரு புல்லு. அப்ப தொட்டிக்கு எழுபத்தஞ்சு. எங்க அம்ம கணக்கு! சிரிச்ச கணக்கு! அந்தக் கணக்குப்படி அளந்துல்லா போட்டிருக்காவோ!"

பிள்ளைவாள் ஆட்டுரல் மேல் உட்கார்ந்தார். இரண்டு பேனாவும் அவரைக் கைவிட்டன.

"ஆறு இட்லி வரைக்கும் ஒண்ணுமில்ல" என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஆறாவது இட்லில வெயிலு மங்கிச்சு. காக்கா எல்லாம் மரத்துக்குப் போச்சு, காலம்பற எட்டு மணிக்கு. எனக்குத் தெரியும், அது நெழலுதான். நான்தானே சொன்னேன், நெழலுன்னு. ஆனா பாய்லர் நெனைப்பு வந்துட்டு... கப்பல்ல வந்த செம்பு. ஒருவேளை தோஷம்னு ஒண்ணு இருந்துட்டா? போன வருசம் ஆடி அமாவாசைக்குக் குமரிக் கடற்கரைல அப்பாவுக்குப் பலி போட வாங்கின கட்டு பெட்டில மிச்சம் இருந்துது. தாகமெடுக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய்ப் போட்டுட்டு வந்து, மிச்ச ஆறு இட்லியையும் தின்னேன்."

"மறுநாள் எடுக்கப் போகலியா?"

"போனேன். தொட்டியில ஒண்ணையும் காணல. தண்ணி கண்ணாடியாட்டு இருந்துது."

"காணலன்னதும் எங்க போச்சுன்னு நெனைச்சேரு?"

பிள்ளைவாள் தலையைக் குனிந்துகொண்டார். "கிரகணத் தோஷத்தை எடுத்துட்டுப் போயிட்டுன்னு நெனைச்சேன்."

வடிவாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராஜையன் மட்டும் சிரிக்கவில்லை. "சாரே, மணி நாலு பத்து" என்றான்.

முதல் கடிதம் அடுப்புக்குப் போயிற்று. அணைந்த அடுப்பென்றாலும் கங்கு மிச்சமிருந்தது. பிள்ளைவாள் புதுத்தாளை எடுத்து எழுதி எங்களிடம் நீட்டினார். 'குழாயில் சிறு தடங்கல் ஏற்பட்டது. நீக்கப்பட்டது. வேலை திருப்தி.'

"போராது" என்றார் கோலப்பபிள்ளை.

"ஏன்வே போராது? திருப்தின்னு எழுதியாச்சே!"

"தடங்கல் எப்படி வந்துதுன்னு அந்த அம்மா நெனைப்பாளா மாட்டாளா? குழாய்க்காரன் போட்டுட்டுப் போன குப்பைன்னுதான் நெனைப்பா. ஆஸ்பத்திரி. பன்னெண்டு பாய்லர். இதைப் படிச்சுட்டு வேலை குடுப்பாளா?"

பிள்ளைவாள் ராஜையனைப் பார்த்தார். ராஜையன் தரையைப் பார்த்தான். "சாருக்குப் பேரு போவும்னா புல்லைப்பத்தி எழுதாண்டாம்" என்றான். "எனக்க கை தப்பில்லன்னு மட்டும் ஒரு வரி. போரும்."

இதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் பிள்ளைவாள் தப்பித்திருப்பார். சண்டை போட்டு ஜெயித்திருப்பார். அவன் பாவமாகச் சொல்லிவிட்டான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வாசகசாலைல எனக்க ரெண்டாம் பிரசங்கம்" என்றார் பிள்ளைவாள். அவருடைய குரலில் இட்லியெல்லாம் இறங்கிப் போயிருந்தது. "நோட்டீஸ் அடிச்சாச்சு."

"அது ஞாயித்துக்கிழமை" என்றாள் வடிவாம்பாள். "பஸ்ஸு இண்ணைக்கு."

பிள்ளைவாள் எழுதினார். இந்தத் தடவை ஸ்டோர் கீப்பராகவே எழுதினார், ஒரு சாமான் விடாமல். தேதி, கிழமை, மணி. தர்ப்பை எழுபத்தைந்து. போட்டவர்: கையெழுத்திட்டிருக்கும் கணபதியப்பபிள்ளை. காரணம் என்று எழுதி, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்து, 'பயம்' என்று எழுதினார். குழாய் முக்கால் இஞ்சு, அளந்து பார்க்கப்பட்டது, இரண்டு தடவை. ராஜையன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அவன் மேல் நான் சொன்னதெல்லாம் பொய். கோலப்பபிள்ளை சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய துப்பறியும் வாழ்க்கையில் அவர் கையெழுத்துப் போட்ட முதல் உண்மை அதுதான்.

"உரக்கப் படிங்க" என்றாள் வடிவாம்பாள்.

"ஏட்டி, பஸ்ஸு வருது."

"பாதியாவது படிங்க."

ஜங்ஷனில் ஹாரன் கேட்டது. பிள்ளைவாள் உறையை நாக்கால் ஒட்டிக்கொண்டே குடையில்லாமல் ஓடினார். வாசகசாலைப் படியில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் எழுந்து, "என்ன பிள்ளைவாள், என்ன அவசரம்?" என்று கேட்டதற்கு அவர் நிற்கவில்லை. கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ். தபால் பை கண்டக்டரிடம். பிள்ளைவாள் தன் கையாலேயே கடிதத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, பையின் வாயைக் கண்டக்டர் கட்டும்வரைக்கும் நின்றார். நனைந்துபோய்த் திரும்பி வந்து, "போச்சு" என்றார். எது போச்சு என்று நாங்கள் கேட்கவில்லை.

ராஜையனைத் தேடினோம். காணவில்லை. இதற்குள் அவன் காக்கிப் பையோடு அதே பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தான். பின்னால் அந்தக் கண்டக்டரே எங்களிடம் சொன்னார்: அன்றைக்கு மார்த்தாண்டம் வரைக்கும் ஒருத்தன், "தபால் பையைத் தரையில போடாதீங்க சாரே" என்று உயிரை வாங்கினானாம். கடைசியில் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் பையை வைத்துவிட்டு, அத்தனை மைலும் அவன் நின்றுகொண்டே போனானாம்.